நைட்ல கார் போட்டோ... மொபைலிலேயே பளிச்சுனு எடுக்கலாம்! - ஆரம்பநிலை கையேடு

நல்ல நேரம் பார்த்து சாயங்காலம் ஆறரை மணிக்குப் புது கார் டெலிவரி. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏத்தி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி எட்டு. போனை எடுத்து ஆசையாக ஒரு க்ளிக் பண்ணினால், ஹெட்லைட் இருக்கும் இடத்தில் ரெண்டு வெள்ளை உருண்டை, பாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி கறுப்பு, நம்பர் பிளேட் மட்டும் ஃப்ளாஷ் பட்டு ஜொலிக்கிறது. புது கார்கூடப் பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்பா 15 வருஷம் ஓட்டின பழைய கார் நாளை காலை எக்ஸ்சேஞ்சில் போகிறது என்றால், உங்களுக்கு இருப்பது இந்த ஒரு ராத்திரிதான்.

நல்ல செய்தி என்னவென்றால், குறைந்த வெளிச்சத்தில் போட்டோ எடுக்க கார் மாதிரி சப்ஜெக்ட் கிடைக்காது. குழந்தை மாதிரி ஓடாது, பூனை மாதிரி முகத்தைத் திருப்பாது, 30 செகண்ட் ஆடாமல் நில் என்றால் நிற்கும். விலை உயர்ந்த கேமராவும் தேவையில்லை. சமீபத்திய ஸ்மார்ட்போன் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஸ்டெப் பை ஸ்டெப்பாகப் பார்ப்போம்.

இருட்டில் போட்டோ ஏன் சொதப்புகிறது?

போட்டோ என்பது சென்சாரில் விழும் வெளிச்சம். போனில் இருக்கும் சென்சார் விரல் நகத்தைவிடச் சின்னது. வெளிச்சம் குறையும்போது போன் ரெண்டு வேலை பார்க்கும். ஒன்று, ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். அந்த நேரத்தில் உங்கள் கை லேசாக ஆடினாலும் படம் ஷேக் ஆகிவிடும். இன்னொன்று, ஐ.எஸ்.ஓ எண்ணை ஏற்றி, கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும். அப்படிப் பெருக்கும்போது படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகள் வரும். இதைத்தான் ‘நாய்ஸ்’ என்கிறார்கள்.

நைட் மோடு இந்தப் பிரச்னையைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது. ஒரே படமாக எடுக்காமல் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, நாய்ஸைச் சராசரியாக்கிக் குறைத்துவிடும். கூகுள் பிக்ஸல் போன்களில் 2018-லும், ஐபோன் 11 வரிசையில் 2019-லும் இந்த வசதி வந்தது. இப்போது பட்ஜெட் போன்களிலேயே இருக்கிறது. ஆனால் படங்கள் சரியாகப் பொருந்த வேண்டும் என்றால், எதிரில் இருப்பது அசையக் கூடாது. அதனால்தான் நிறுத்தி வைத்த கார் இதற்குப் பக்காவாக செட் ஆகிறது.

அந்த 15 நிமிடத்தை விட்டுடாதீங்க!

‘லோ லைட்’ என்றதும் நடுராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். சூரியன் மறைந்து சுமார் 10 நிமிடத்தில் வானம் அடர்நீலமாக மாறத் தொடங்கும். தெருவிளக்குகளும் அப்போதுதான் எரிய ஆரம்பிக்கும். வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் இந்த நேரத்தை ‘ப்ளூ ஹவர்’ என்கிறார்கள். பெயரில்தான் ஹவர். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கி, டக்கென்று இருட்டிவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரம் நீடிக்கும் அந்தி வெளிச்சம், சென்னையில் 20 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிய விஷயம். உங்கள் கையில் இருப்பது நல்லதாக ஒரு 15 நிமிடம்தான்.

சென்னையில் நவம்பர் கடைசியில் சுமார் 5.40-க்கும், ஜூலை தொடக்கத்தில் சுமார் 6.40-க்கும் சூரியன் மறைகிறது. உங்கள் ஊரில் இன்று எத்தனை மணிக்கு என்பதைப் போனின் வெதர் ஆப்பிலேயே பார்க்கலாம். அதற்கு 20 நிமிடம் முன்பே காரை இடத்தில் நிறுத்தி, துடைத்து, ஆங்கிளைப் பார்த்து ரெடியாக இருங்கள். வானம் நீலமாகும்போது க்ளிக் பண்ணும் வேலை மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். மாலையை விட்டால் விடியலில் இதே நீலம் இன்னொரு முறை கிடைக்கும். ரோடும் காலியாக இருக்கும்.

கார் ஒரு கண்ணாடி

ஒரு சுவரை போட்டோ எடுப்பதற்கும் காரை எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சுவர் மேல் வெளிச்சம் விழுந்தால் சுவர் பிரகாசமாகும். கார் பெயின்ட்டோ பளபளப்பானது, எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். நீங்கள் பார்க்கும் ‘ஷேப்’ என்பது பாதிக்கு மேல் பிரதிபலிப்புதான். பானெட் மேல் ஓடும் வெள்ளைக் கோடு, டோர் ஓரம் மின்னும் வளைவு எல்லாமே எங்கோ இருக்கும் ஒரு விளக்கின் அல்லது வானத்தின் பிம்பம்.

இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஒற்றைத் தெருவிளக்குக்கு நேர் கீழே நிறுத்தினால், ரூஃபில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரியும். அதே காரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, விளக்கு வரிசை பக்கவாட்டில் வரும்படி செய்தால், டோர் முழுக்க நீளமாக ஒரு ஒளிக்கோடு ஓடும். கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இருட்டில் கறுப்பு காரின் உருவத்தை வரைந்து காட்டுவதே இந்தக் கோடுகள்தான்.

பொறுமையாக காரைச் சுற்றி ஒரு ரவுண்டு நடந்து வாருங்கள். எங்கே நின்றால் கோடு முழுசாகத் தெரிகிறது, எங்கே நின்றால் எதிர்வீட்டு டியூப்லைட்டும் கொடியில் காயும் துணியும் டோரில் தெரிகின்றன என்று பாருங்கள். உங்கள் வெள்ளைச் சட்டையும் தெரியும். அதனால் கறுப்பு அல்லது அடர்நிற டிரெஸ் நல்லது.

எங்கே நிறுத்தலாம்?

* அபார்ட்மென்ட், மால் பார்க்கிங்: கூரையில் வரிசையாக இருக்கும் எல்.இ.டி டியூப்கள் பானெட்டிலும் ரூஃபிலும் சூப்பரான கோடுகளைத் தரும். செக்யூரிட்டி அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

* மூடிய கடை வாசல்: போர்டு விளக்கு எரியும் கடைத்தெருவில், ஷட்டர் போட்ட பிறகு நல்ல கலர் பின்னணி கிடைக்கும்.

* மழை பெய்த தரை: வடகிழக்குப் பருவமழைக் காலம் உங்களுக்கு போனஸ். ஈரத் தரை விளக்குகளை எல்லாம் இரண்டாக்கிக் காட்டும். போனைத் தரையோடு தரையாக வைத்து எடுத்துப்பாருங்கள். மழை இல்லையா? காருக்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினாலே போதும்.

* வீட்டு வாசல்: பழைய காருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த கேட், அந்தக் கோலம், அந்த வேப்பமரம் எல்லாம் ஃப்ரேமில் வரட்டும். பத்து வருஷம் கழித்து நீங்கள் தேடப்போவது அதைத்தான்.

பெட்ரோல் பங்க் கூரை வெளிச்சம் காருக்கு அழகாக இருக்கும் என்று இன்ஸ்டாவில் பார்த்திருப்பீர்கள். பங்க்குக்குள் மொபைல் பயன்படுத்தாதீர்கள் என்று போர்டே இருக்கும். அங்கே செட் போட்டு ஷூட் பண்ணுவது வேண்டாம்.

காரை ரெடி பண்ணுங்க

பகலில் தெரியாத தூசு, ராத்திரியில் பக்கவாட்டு விளக்கு பட்டால் அப்பட்டமாகத் தெரியும். ஈரத்துணி, பிறகு காய்ந்த மைக்ரோஃபைபர் துணி என்று ரெண்டு முறை துடையுங்கள். விண்ட்ஷீல்டு, ஹெட்லைட் கண்ணாடி, வீல் கப் மூன்றும் முக்கியம். டேஷ்போர்டில் கிடக்கும் பார்க்கிங் ரசீது, தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுங்கள். வைப்பர் நடுவில் நிற்காமல் கீழே படிந்திருக்கட்டும்.

முன்பக்க ஓரத்திலிருந்து, அதாவது காரின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி எடுப்பதுதான் ஆரம்பநிலைக்கு ஈஸியான ஆங்கிள். அப்போது ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பி, சக்கரத்தின் ரிம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். டயரின் பட்டன் பக்கம் கேமராவைப் பார்த்தால் சக்கரம் வெறும் கறுப்புக் கட்டையாகத் தெரியும்.

அடுத்து விளக்கு. லோ பீம், ஹை பீம் ரெண்டுமே வேண்டாம், கேமராவுக்குக் கண் கூசிவிடும். பார்க்கிங் லைட் அல்லது டி.ஆர்.எல் மட்டும் எரியட்டும். உள்ளே கூரை விளக்கைப் போட்டால் சீட்டும் ஸ்டீயரிங்கும் தெரிந்து, கார் உயிரோடு இருக்கிற மாதிரி ஒரு ஃபீல் வரும். ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் விளக்குகளை எரியவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். ஷாட் எடுக்கும்போது போடுங்கள், முடிந்ததும் அணையுங்கள். பழைய பேட்டரி என்றால் டபுள் கவனம். போட்டோ எடுக்கப் போய், நடுராத்திரியில் காரைத் தள்ளுகிற கதை ஆகிவிடக் கூடாது.

போனை ரெடி பண்ணுங்க

1. லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகை பட்ட லென்ஸில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கோடு கிளம்பும். பாதிப் பேருடைய ‘கேமரா சரியில்ல’ புகாருக்குக் காரணம் இதுதான்.

2. ஃப்ளாஷை ஆஃப் பண்ணுங்கள். போன் ஃப்ளாஷ் சில அடி தூரத்துக்குத்தான் எட்டும். நம்பர் பிளேட்டும் ரிஃப்ளெக்டரும் பட்டென்று எரியும், மற்றதெல்லாம் இன்னும் கறுப்பாகும்.

3. போனை ஆடாமல் வையுங்கள். ட்ரைபாட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, திண்ணை அல்லது ஸ்டூல் மேல் வைத்து, அதில் போனை அழுத்தி நிறுத்துங்கள். செருப்பு, செங்கல், தண்ணீர் கேன் எதுவும் ஓகே.

4. டைமரை 3 செகண்ட் வையுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டமே படத்தைக் கெடுத்துவிடும். வயர் இயர்போனின் வால்யூம் பட்டனும் பல போன்களில் ஷட்டராக வேலை செய்யும்.

5. போன் ஆடாமல் இருப்பதைக் கண்டுபிடித்தால், நைட் மோடு தானாகவே கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஐபோனில் கையில் பிடித்திருக்கும்போது சில செகண்ட் காட்டும் எண், ட்ரைபாடில் வைத்தால் 30 செகண்ட் வரை போகும்.

6. மெயின் லென்ஸையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான போன்களில் அல்ட்ரா வைடு லென்ஸுக்குப் பின்னால் இருப்பது சின்ன சென்சார், இருட்டில் திணறும். தவிர, பக்கத்தில் போய் வைடில் எடுத்தால் காரின் மூக்கு பெரிதாகவும் பின்பக்கம் சுருங்கியும் தெரியும். நாலைந்து அடி பின்னால் தள்ளி நின்று, மெயின் லென்ஸில் எடுத்து, பிறகு க்ராப் செய்யுங்கள்.

7. போனை ஹெட்லைட் உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் கார் பொம்மை மாதிரி தெரியும். குந்தி உட்கார்ந்து எடுத்தால் கம்பீரம் வரும்.

8. ஃபோகஸை லாக் பண்ணுங்கள். ஸ்கிரீனில் லோகோ அல்லது கிரில் ஓரத்தில் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்து, ஹெட்லைட்டைச் சுற்றிய வெள்ளைப் புகை அடங்கும்வரை படத்தை டல்லாக்குங்கள். கறுப்பான இடத்தை எடிட்டிங்கில் ஓரளவு மீட்கலாம். வெள்ளையாக எரிந்துபோன இடத்தை யாராலும் மீட்க முடியாது.

ப்ரோ மோடு: மூன்று எண் தெரிந்தால் போதும்

ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் ‘ப்ரோ’ மோடு இருக்கும். ஐபோனுக்குத் தனி ஆப்கள் கிடைக்கின்றன. உள்ளே போனால் தலை சுற்றும் அளவுக்கு ஐகான்கள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றுதான்: ஐ.எஸ்.ஓ, ஷட்டர் ஸ்பீடு, ஒயிட் பேலன்ஸ்.

ஐ.எஸ்.ஓ-வும் ஷட்டரும் தராசுத் தட்டு மாதிரி. ஒன்றைப் பாதியாக்கினால் இன்னொன்றை இரட்டிப்பாக்க வேண்டும். உதாரணமாக, ஐ.எஸ்.ஓ 1600, ஷட்டர் 1/15 செகண்டில் உங்கள் தெரு சரியான வெளிச்சத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ-வை 100-க்கு இறக்கினால் 16 மடங்கு குறைகிறது. ஷட்டரை 16 மடங்கு கூட்டினால் ஏறக்குறைய 1 செகண்ட். வெளிச்சம் அதே அளவுதான், ஆனால் நாய்ஸ் காணாமல் போயிருக்கும். போன் அரிசிப் பை மேல் இருக்கும்போது 1 செகண்ட் என்ன, 10 செகண்ட்கூடப் பிரச்னை இல்லை.

ஸோ, ஃபார்முலா சிம்பிள். போன் கையில் இருந்தால் நைட் மோடு. ஸ்டாண்டில் இருந்தால் ப்ரோ மோடு, ஐ.எஸ்.ஓ 50 அல்லது 100, ஷட்டரை 1 செகண்டில் ஆரம்பித்து, இருட்டாக இருந்தால் 2, 4, 8 என்று ஏற்றிப்பாருங்கள்.

ஒரு குட்டி ட்ரிக்: 10 செகண்ட் எக்ஸ்போஷரில் பார்க்கிங் லைட் முழு நேரமும் எரிந்தால் அந்த இடம் வெந்துவிடும். ஃப்ரெண்டை உள்ளே உட்காரவைத்து, ஷட்டர் திறந்த பிறகு 1 செகண்ட் மட்டும் விளக்கைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். பாடிக்கு 10 செகண்ட் வெளிச்சம், விளக்குக்கு 1 செகண்ட். ரெண்டுமே அளவாக வரும். ஆனால் டோரைத் திறப்பதோ சீட்டில் நெளிவதோ கூடாது, கார் ஆடிவிடும்.

டார்ச்சால் பெயின்ட் அடிக்கலாம்!

வீட்டில் இன்னொரு போன் இருக்கிறதா? அதன் டார்ச்சே உங்கள் ஸ்டூடியோ லைட். இதற்குப் பெயர் ‘லைட் பெயின்டிங்’. தெருவிளக்கு அதிகம் படாத, உங்களுக்குச் சொந்தமான அல்லது அனுமதி வாங்கிய இடத்தில் காரை நிறுத்துங்கள். போன் ஸ்டாண்டில், ஐ.எஸ்.ஓ 100, ஷட்டர் 15 அல்லது 20 செகண்ட். ஷட்டர் திறந்ததும், ஃப்ரெண்ட் டார்ச்சோடு காரின் ஒரு பக்கமாக முன்னாலிருந்து பின்னால்வரை சீராக நடக்கட்டும். டார்ச் காரைப் பார்க்கட்டும், கேமராவைப் பார்க்கவே கூடாது. நடப்பவர் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், அடர்நிற டிரெஸ்ஸில் அவர் படத்தில் தெரியவே மாட்டார். கார் மட்டும் தெரியும்.

டார்ச்சின் சின்ன வட்டம் பெயின்ட்டில் புழு மாதிரி கோடாகத் தெரிந்தால், முன்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டுங்கள், வெளிச்சம் பரவும். சார்ஜ் பண்ணக்கூடிய எமர்ஜென்சி டியூப்லைட் இருந்தால் இன்னும் ஜோர். ரூஃபுக்கு மேலே பிடித்து நடந்தால், காரின் தலையில் ஒரே நீளக்கோடு விழும். முதல் அஞ்சு படம் கண்டிப்பாகச் சொதப்பும். ஆறாவதில் கை பழகிவிடும்.

> இரவை வெளிச்சம் போட்டவர்
>
> அமெரிக்க போட்டோகிராபர் ஓ. வின்ஸ்டன் லிங்க், 1950-களின் இரண்டாம் பாதியில் கடைசி நீராவி ரயில்களை ராத்திரியில் படமெடுத்தவர். 1956-ல் அவர் எடுத்த ‘ஹாட்ஷாட் ஈஸ்ட்பவுண்ட்’ படத்தில், திறந்தவெளி சினிமா தியேட்டரில் வரிசையாக கார்கள், முன்னால் ஒரு ஓப்பன் காரில் ஓர் இளம் ஜோடி, தூரத்தில் புகை கக்கிப்போகும் ரயில். ஓடும் ரயிலை இருட்டில் நிறுத்திப் பிடிக்க, அவர் ஏகப்பட்ட ஃப்ளாஷ் பல்புகளை முன்கூட்டியே இடம் பார்த்துப் பொருத்தி, ஒரே நொடியில் எரியவைத்தார். பகலில் சூரியன் இருக்கும் இடம் நம் கையில் இல்லை. ராத்திரியில் விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு பண்ணலாம். அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள், இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஓடும் கார்களை எடுக்கணுமா?

ஒளிக்கோடுகள்: ரோட்டில் கார்கள் இல்லாமல் சிவப்பும் வெள்ளையுமாக ஆறு ஓடுகிற மாதிரி படங்கள் பார்த்திருப்பீர்கள். நடைமேம்பாலம் அல்லது மொட்டை மாடியில் போனை ஊன்றி, ஐ.எஸ்.ஓ 50, ஷட்டர் 4 முதல் 10 செகண்ட். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், ரோட்டைப் பார்த்து நின்றால் உங்களைவிட்டு விலகிப்போகும் டெயில் லைட்டுகள் இடது பக்கம் சிவப்புக் கோடாகவும், எதிரில் வரும் ஹெட்லைட்டுகள் வலது பக்கம் வெள்ளைக் கோடாகவும் விழும். வளைவான ரோடு என்றால் இன்னும் அழகு. சில போன்களில் ‘லைட் ட்ரெயில்’ என்று தனி மோடே இருக்கிறது.

பேனிங்: கார் ஷார்ப்பாக, பின்னணி மட்டும் இழுபட்டுத் தெரியும் ஸ்டைல். ஷட்டரை 1/30-ல் வைத்து, வரும் காரை ஸ்கிரீனின் நடுவில் பிடித்து, இடுப்பைத் திருப்பியபடியே அது போகும் வேகத்துக்கு போனைக் கொண்டுபோய், நடுவில் க்ளிக் பண்ண வேண்டும். இருபது எடுத்தால் ஒன்று தேறும், அதுவே வெற்றிதான். 2008-ல் சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவு ரேஸ் நடந்தது. நம் சென்னையிலும் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்தன. அடுத்த முறை இப்படி ரேஸ் நடந்தால், கேலரியில் உட்கார்ந்தபடியே பேனிங் பழகலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. ஓடும் காரின் ஜன்னலிலோ டிக்கியிலோ தொங்கிக்கொண்டு இன்னொரு காரை எடுக்கும் ‘ரோலிங் ஷாட்’ வேண்டவே வேண்டாம்.

படத்தில் கோடு கோடாக வருதா?

பார்க்கிங்கில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் தெரிகின்றனவா? அது போன் ரிப்பேர் கிடையாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல டியூப்களும் எல்.இ.டி-களும் செகண்டுக்கு 100 முறை மின்னி அணைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை 1/100, 1/50 அல்லது 1/25-ல் வைத்தால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.

கார்களின் எல்.இ.டி டெயில் லைட்டும் டி.ஆர்.எல்-லும் இதேபோல வேறு வேகத்தில் மின்னுபவைதான். எரிகிற விளக்கு, படத்தில் பாதி அணைந்து தெரிந்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள். ராத்திரியில் நாம் எப்படியும் மெதுவான ஷட்டரில்தான் எடுக்கப்போகிறோம், ஸோ டென்ஷன் வேண்டாம்.

சிவப்பு கார் ஏன் பிரவுன் ஆச்சு?

பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இன்னும் சில தெருக்களில் இருக்கிறது. அதன் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மஞ்சள் நிறம் மட்டும்தான் இருக்கும். விளக்கில் இல்லாத நிறத்தை கார் திருப்பித் தர முடியாது. அதனால் சிவப்பு பிரவுனாகவும், நீலம் கறுப்பாகவும் தெரியும். எந்த ஆப்பாலும் இதை முழுசாகச் சரிபண்ண முடியாது. வெள்ளை எல்.இ.டி இருக்கும் தெருவுக்குப் போங்கள். முடியாவிட்டால் படத்தை பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிவிடுங்கள். 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடர் மாதிரியான பழைய கார்களுக்கு அது அம்சமாகப் பொருந்தும்.

எல்.இ.டி வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸை 3500-லிருந்து 4500-க்குள் நகர்த்திப்பாருங்கள். எண்ணைக் குறைத்தால் படம் நீலமாகும், கூட்டினால் மஞ்சளாகும். உண்மையான பெயின்ட் கலர் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

எடிட்டிங்: அஞ்சு நிமிஷம் போதும்

போனில் ரா ஃபார்மேட் இருந்தால் ஆன் பண்ணுங்கள். ஃபைல் பெரிதாக இருக்கும், ஆனால் இருட்டான பகுதிகளை மீட்க நிறைய இடம் கொடுக்கும். ஸ்னாப்சீட், லைட்ரூம் மொபைல் இரண்டில் எதுவும் ஓகே. வரிசை இதுதான்: முதலில் ஹைலைட்ஸைக் குறையுங்கள். ஷேடோஸைக் கொஞ்சம் மட்டும் ஏற்றுங்கள். ராத்திரி, ராத்திரி மாதிரியே இருக்கட்டும். அப்புறம் ஒயிட் பேலன்ஸ், படம் சாய்ந்திருந்தால் நேராக்குதல், கடைசியாக லேசாக நாய்ஸ் ரிடக்‌ஷன். அதிகம் தேய்த்தால் கார் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

காரை விற்கிறீங்களா, வாங்குறீங்களா?

அழகான இரவு போட்டோ இன்ஸ்டாவுக்கு ஓகே. விற்பனை விளம்பரத்துக்கு அது மட்டும் போதாது. குறைந்த வெளிச்சம் கீறல், நசுங்கல், டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடித்த இடத்தின் கலர் வித்தியாசம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விற்பவர் என்றால் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் எடுத்த படங்களையும் போடுங்கள். நேரில் வரும்போது ஏமாற்றம் இருக்காது, பேரமும் சுமுகமாக முடியும். வாங்குபவர் என்றால், ராத்திரி படம் மட்டும் இருக்கும் விளம்பரத்தைப் பார்த்ததும் பகல் படம் கேளுங்கள். நேரில் பார்க்கப் போவதும் பகலில்தான்.

போஸ்ட் போடும் முன் நம்பர் பிளேட்டை மறையுங்கள். உங்கள் நம்பரைப் போலியாகப் பயன்படுத்த யாருக்கும் வாய்ப்பு கொடுக்க வேண்டாம். வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் லொகேஷன் தகவலையும் நீக்கிவிட்டு ஷேர் பண்ணுங்கள்.

லைக்கைவிட உயிர் பெருசு!

கடைசியாக வந்தாலும் இதுதான் முதல் டிப்ஸ்.

* ஹைவே ஓரத்தில் ஷூட் வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செகண்டில் 22 மீட்டர் தாண்டிவிடும். கறுப்பு டிரெஸ்ஸில் குந்தி உட்கார்ந்திருக்கும் உங்களை டிரைவர் கவனித்து, பிரேக்கில் காலை வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வண்டியை மற்றவர்களுக்கு ஆபத்தாக நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமும்கூட. ஈ.சி.ஆர் பேக்ரவுண்டு வேண்டுமா? ரோட்டிலிருந்து விலகி, முறையான பார்க்கிங் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

* மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். ஏ.சி போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஃப்ரெண்டுக்கும் இது பொருந்தும்.

* ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’. சரிவான இடத்தில் காருக்கு முன்னால் குந்தி உட்காராதீர்கள்.

* தனியாகப் போகாதீர்கள். நீங்கள் ஸ்கிரீனைப் பார்க்கும்போது ரோட்டைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

* ரயில்வே, துறைமுகம், விமான நிலையம், ராணுவ இடங்களைச் சுற்றி கேமராவை எடுக்காதீர்கள்.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க

வீட்டு வாசலில் நிற்கும் கார் போதும், பைக் என்றாலும் இதே விதிகள்தான். சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள், லென்ஸைத் துடையுங்கள், அரிசிப் பையை ரெடி பண்ணுங்கள். முதல் நாள் நைட் மோடில் பத்துப் படம். இரண்டாம் நாள் ப்ரோ மோடில் 1, 2, 4 செகண்ட். மூன்றாம் நாள் டார்ச். ஒவ்வொரு நாளும் ஒரே ஆங்கிளில் எடுத்து ஒப்பிட்டால், எது மாறியது என்று உங்களுக்கே புரியும்.

பழைய காரை அனுப்பப்போகிறவர்கள், ஒரு படத்திலாவது அதை இத்தனை வருஷம் ஓட்டினவரை டிரைவர் சீட்டில் உட்காரவையுங்கள். கூரை விளக்கைப் போட்டுவிட்டு, மூன்று செகண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். “எனக்கு எதுக்குடா போட்டோ”னு அப்பா சொல்லத்தான் செய்வார். நீங்க க்ளிக் பண்ணிடுங்க.